இடைநிற்றலும் நடுவுநிற்றலும்: நிலத்தரகர் அறம் பற்றிய ஒரு நோக்கு

முன்னுரை

தமிழரின் அறச்சிந்தனை அரசனோடும் துறவியோடும் நின்றுவிடுவதன்று. தொழில் செய்து வாழ்வார் ஒவ்வொருவர்க்கும் அவரவர் தொழில்வழி நின்று அறம் கூறுவது அதன் இயல்பு. வள்ளுவர் தூதுக்கும் மருந்துக்கும் உழவுக்கும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்திருப்பது இதற்குச் சான்றாகும். இன்றைய நகரங்களில் பெருகியுள்ள தொழில்களுள், வீடும் மனையும் நிலமும் கைம்மாறுவதற்கு இடைநின்று உதவும் தரகர் தொழில் ஒன்று. ‘நேர்மையான ஆசிரியர்’, ‘நேர்மையான தச்சர்’ என்னும் தொடர்களை இயல்பாக ஏற்கும் நாம், ‘நேர்மையான நிலத்தரகர்’ என்னும் தொடரைக் கேட்டவுடன் புன்னகைக்கிறோம். அப்புன்னகையே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

தரகர் ஒருவர் அறத்தால் தனித்து விளங்க இயலுமா? இயலுமெனில் அத்தனிச்சிறப்பு எங்கே புலப்படும்? இவ்விரு வினாக்களையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. தரகருடைய அறம் அவர் முடித்துக்கொடுத்த விற்பனைகளைவிட, உண்மையைக் கூறியதால் முடியாமற்போன விற்பனைகளிலேயே முழுமையாக விளங்கும் என்பதும், அவை எவர் கண்ணுக்கும் புலப்படாதவை ஆதலின் அவ்வறத்தைக் காக்கும் பொறுப்பு தரகரோடு மட்டும் நின்றுவிடுவதில்லை என்பதும் இதன் கருத்தாகும்.

சொல்வழிப் பெறப்படுவன

‘தரகு’ என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. சோழர் காலச் செப்பேடுகள் ஊர்களிலிருந்து பெறப்பட்ட வரிகளை அடுக்கிக் கூறுமிடத்துத் தரகையும் அவற்றுள் ஒன்றாகச் சுட்டுகின்றன. விற்பார்க்கும் வாங்குவார்க்கும் இடையே நின்று பேசி முடிக்கும் தொழில், வரி விதிக்கத்தக்க அளவுக்கு அக்காலத்திலேயே நிலைபெற்றிருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

இன்றைய வழக்கில் இச்சொல் ‘இடைத்தரகர்’ என அடைபெற்று வழங்குகிறது. ‘இடை’, ‘நடு’ என்னும் இரு சொற்களும் ஏறத்தாழ ஒரே இடத்தையே சுட்டுகின்றன. எனினும் ‘நடு’ என்பதிலிருந்து நடுவரும் நடுவுநிலைமையும் தோன்றின. ‘இடை’ என்பதோ இடைத்தரகர், இடையூறு முதலிய சொற்களில் ஐயத்தின் சாயலைப் பெற்றது. ‘இடை’ எங்கும் இழிவு குறிப்பதன்று எனினும், மனிதரைச் சுட்டுமிடத்து இவ்வேறுபாடு தெளிவாகவே உள்ளது. ஒரே இடத்தில் நிற்கும் இருவருள் ஒருவரை நாம் நம்பித் தீர்ப்புக் கேட்கிறோம். மற்றவரிடம் ஐயத்தோடு விலை கேட்கிறோம். நிற்குமிடம் ஒன்றாயினும் நிற்கும் முறை வேறு என்பதை மொழியே உணர்ந்திருக்கிறது.

காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பற்றிப் பேசும் பட்டினப்பாலை, அவர்தம் நெஞ்சின் நேர்மையை நுகத்தடியின் நடுவே அமைந்த ஆணியோடு ஒப்பிடுகிறது. தமக்கு வருவதில் மிகுதியையும் பிறர்க்குத் தருவதில் குறைவையும் விரும்பாதவர்களாக அவர்கள் அங்கே காட்டப்படுகின்றனர். இவ்வுவமை எண்ணத்தக்கது. நுகத்தாணி இரு மாடுகளுக்கும் நடுவே உள்ளது. ஆனால் வெறுமனே இடையில் கிடப்பதில்லை. அது ஒருபால் நகர்ந்தால் மறுபால் உள்ள மாட்டின் கழுத்தில் பாரம் ஏறும். தரகருடைய சாய்வும் அத்தகையதே. அவர் ஒருபுறம் சாயும்போது மறுபுறத்தார் சுமக்க நேரும் பாரம், பல வேளைகளில் ஒரு குடும்பத்தின் வாழ்நாட் சேமிப்பு முழுவதுமாக இருக்கும்.

நிலம் பற்றிய அறிவு யாருடையது?

நில விற்பனையில் தரகர் இத்துணை இன்றியமையாதவர் ஆனது எவ்வாறு என்பதை முதலில் நோக்க வேண்டும். கௌடலியரின் அர்த்தசாத்திரம் மூன்றாம் அதிகரணத்தில் வீடு, நிலம் ஆகியவற்றின் விற்பனை முறையை விளக்குகிறது. உறவினர், அண்டை நிலத்தார், கடன் கொடுத்தோர் ஆகியோர்க்கு அந்த வரிசையில் வாங்கும் முன்னுரிமை உண்டு; அதன் பின்னரே பிறர். வீட்டை விற்பதாயின் அண்டையிலுள்ள நாற்பது குடும்பத்தாரின் முன்னிலையில் அவ்வீட்டின் எதிரே நின்று அறிவிக்க வேண்டும். விலையை மும்முறை கூறி, மறுப்பவர் எவரும் இல்லையாயின் விற்பனை நிறைவேறும். தமிழகக் கல்வெட்டுகளில் காணப்படும் நில விற்பனை ஆவணங்களும் நாற்றிசை எல்லைகளையும் ஒவ்வொன்றாகக் கூறி, ஊர்ச் சபையோர் முதலியோர் அறிய எழுதப்பட்டன.

இம்முறையில் விற்கப்படும் நிலத்தைப் பற்றிய அறிவு ஊரின் பொதுவுடைமையாக இருந்தது. எந்தக் கிணறு கோடையில் வற்றும், எந்த வரப்பு பற்றிப் பங்காளிகளிடையே பூசல் உள்ளது என்பனவற்றை ஊரே அறியும். அம்முறை குற்றமற்றதன்று. நிலம் வாங்கும் உரிமையே சிலர்க்கு மறுக்கப்பட்டிருந்த சமுதாயத்தின் ஏற்பாடு அது. ஆயினும் மறைப்பதற்கு இடம் குறைவாக இருந்தது என்பது உண்மை.

நகரத்தில் இந்நிலை மாறிவிடுகிறது. வாங்குபவர் வேற்றூரார், அண்டை வீட்டாரை அறியார், சில இடங்களில் அவ்வூர் மொழியும் அறியார். டெல்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் பணி நிமித்தம் குடியேறிய தமிழர் பலர் முதல் வீட்டைத் தேடியபோது இந்நிலையை உணர்ந்திருப்பர். முன்பு நாற்பது குடும்பத்தாரிடம் பரவிக்கிடந்த அறிவு இன்று ஒருவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அவரே தரகர்.

அறிந்த ஒருவரிடம் அறியாத ஒருவர் சென்று நிற்கும் இந்நிலையின் இடரைச் சிலப்பதிகாரம் முன்னரே காட்டியிருக்கிறது. மதுரைக்குப் புதியவனான கோவலன் சிலம்பை விற்கச் சென்றபோது, அதற்கு விலை மதிக்க வல்லவன் என நம்பிப் பொற்கொல்லனை அணுகினான். பொற்கொல்லனுக்குச் சிலம்பின் மதிப்பும் தெரியும். அரண்மனைச் சிலம்பைக் களவாடியவன் யார் என்பதும் தெரியும். கோவலனுக்கு இரண்டும் தெரியா. அவன் வீழ்ச்சிக்கு ஊழும் அரசனின் ஆராயாமையும் காரணங்களாகக் கூறப்படினும், முதற் காரணம் இடைநின்றவன் தன் அறிவை மறைத்துக் கொண்டமையே. அயலூரில் விலை கேட்டு நிற்கும் எவரும் ஓரளவு கோவலனின் நிலையிலேயே நிற்கின்றனர்.

கூலியின் அமைப்பும் மனச்சான்றும்

தரகரின் உழைப்பு மெய்யான உழைப்பு. வீடுகளைத் தேடுதல், பலமுறை அழைத்துச் சென்று காட்டுதல், ஆவணங்களைத் திரட்டுதல், சினந்தும் பிணங்கியும் பிரியவிருக்கும் இரு தரப்பினரையும் மீண்டும் அமர்த்திப் பேச வைத்தல் ஆகியன எளியவையல்ல. எனவே தரகு பெறுவதே இழிவு என்னும் கருத்து ஏற்கத்தக்கதன்று. ஆராய வேண்டியது அக்கூலி அமைந்துள்ள முறையாகும்.

நம் நாட்டில் தரகு பெரும்பாலும் விலையில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற கணக்கில், விற்பனை முடிந்த பின்னரே தரப்படுகிறது. 80 லட்சம் ரூபாய் விலையுள்ள வீடொன்றுக்கு நூற்றுக்கு ஒன்று வீதம் தரகு 80,000 ரூபாய். தரகர் வாதாடி விலையை 2 லட்சம் குறைத்துக் கொடுத்தால் அவர் இழப்பது 2,000 ரூபாய். உயர்த்திக் கொடுத்தால் கூடுதலாகப் பெறுவதும் அவ்வளவே. ஆனால் ‘இந்த வீடு வேண்டா’ என்று அவர் கூறிவிட்டால் இழப்பது முழு 80,000 ரூபாயாகும். தரகர் விலையை ஏற்றிவிடுவார் என்பதே மக்களின் பொதுவான அச்சம். கணக்கோ வேறொன்றைக் காட்டுகிறது. விலையை ஏற்றுவதில் அவருக்குள்ள ஆர்வம் சிறிது. எவ்வாறேனும் முடித்துவிடுவதில் உள்ள ஆர்வமே பெரிது. ஆகவே அவர் வாயிலிருந்து வருவதற்கு மிக அரிய சொற்கள் ‘பொறுங்கள்’, ‘வேண்டா’ என்பனவாகும். வாங்குபவர்க்கு மிகவும் தேவைப்படும் சொற்களும் அவையே.

மௌனம் பொய்யாகுமா?

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக்கொள்வோம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தம் வைப்புநிதியைக் கொண்டு வீடு வாங்க விழைகிறார். தரகர் காட்டிய வீடு அவருக்குப் பிடித்துவிட்டது. வில்லங்கச் சான்றில் குறையில்லை. ஆனால் வீட்டு உரிமையாளரின் உடன்பிறந்தாள் பாகப்பிரிவினை கோரி வழக்குத் தொடுத்திருப்பதைத் தரகர் தேநீர்க் கடைப் பேச்சில் அறிந்திருக்கிறார். நிலுவையிலுள்ள வழக்குகள் வில்லங்கச் சான்றில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. வழக்கு நடக்கும்போது சொத்தை வாங்குபவர் அவ்வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டவர் என்பது 1882 ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு கூறும் நெறி. ஆசிரியை வழக்கைப் பற்றிக் கேட்கவில்லை, தரகரும் கூறவில்லை. தரகர் பொய் சொன்னாரா?

1872 ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17 ஆம் பிரிவு, வெறும் மௌனம் வஞ்சனை ஆகாது என்கிறது. ஆனால் பேச வேண்டிய கடமை உள்ள இடத்தும், மௌனமே பேச்சுக்கு நிகராகும் இடத்தும் அது வஞ்சனையாகும் என்றும் கூறுகிறது. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55 ஆம் பிரிவோ, வாங்குபவர் இயல்பான கவனத்தோடு நோக்கினும் கண்டறிய இயலாத குறைகளை விற்பவர் தாமே வெளிப்படுத்த வேண்டும் என்று விதிக்கிறது. அக்கடமை விற்பவர் மேலது. இடைநிற்பவரை அப்பிரிவு பெயர் சுட்டிக் கட்டுப்படுத்தவில்லை. ‘நான் சேர்த்து வைப்பவன் மட்டுமே, ஆராய்வது வழக்கறிஞர் வேலை’ என்று தரகர் ஒதுங்குவதற்கு இவ்விடைவெளி வழிவிடுகிறது.

இவ்வினா உலகுக்குப் புதியதன்று. உரோமானிய அறிஞர் சிசெரோ ‘கடமைகள்’ பற்றி எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில் இதையே ஆராய்கிறார். நோய்க்கு இடமான, மரங்கள் உளுத்துப்போன ஒரு வீட்டை அதன் குறைகளைக் கூறாது விற்கலாமா என்பது அங்கு எழுப்பப்படும் வினா. வாங்குமாறு எவரையும் வற்புறுத்தாதபோது குறைகூறும் கடமை இல்லை என்பது தியோசனிசு என்னும் ஸ்தோயிக்கச் சிந்தனையாளரின் கட்சி. தெரிந்தே ஒருவரைத் தவறான வழியில் செல்ல விடுவது குற்றமே என்பது அவர் மாணாக்கர் ஆந்திபத்தரின் மறுகட்சி. சிசெரோ மாணாக்கர் பக்கம் நிற்கிறார். பேசாதிருத்தல் எல்லாம் மறைத்தல் ஆகாது; தன் ஆதாயத்தின்பொருட்டு, பிறர் அறிந்தால் அவர்க்கு நலமாகும் ஒன்றை அவர் அறியாதிருக்குமாறு விரும்புவதே மறைத்தல் என்பது அவர் முடிவின் சாரம்.

வள்ளுவரும் வாய்மைக்கு இலக்கணம் கூறுமிடத்துச் சொல்லுக்கும் நிகழ்ச்சிக்கும் உள்ள பொருத்தத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்ளவில்லை. அச்சொல்லால் பிறர்க்கு விளையும் தீமையின்மையையும் கொண்டார். அவ்வளவுகோலை மௌனத்துக்கும் நீட்டலாம். தீமை விளைவிக்கும் சொல் வாய்மை ஆகாதெனின், தீமைக்கு வழிவிடும் மௌனமும் வாய்மைக்குள் அடங்காது. நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறள், அயலாருடைய உடைமையைத் தன்னுடையதாகவே எண்ணி நடத்துமாறு வணிகர்க்கு அறிவுறுத்துகிறது. இதனைத் தரகர்க்குப் பொருத்தினால் கிடைக்கும் உரைகல் எளியது: இவ்வீட்டை என் மகளுக்கு வாங்குவேனாயின் இவ்வழக்கைப் பற்றி அறிய விரும்பியிருப்பேனா?

மறைவின் விலை எத்தகையது என்பதற்கு அண்மைக் கால நிகழ்ச்சிகள் உண்டு. கொச்சியை அடுத்த மரடில் கடற்கரை ஒழுங்குமுறை விதிகளை மீறிக் கட்டப்பட்ட நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளை இடிக்குமாறு உச்சநீதிமன்றம் 2019 மே 8 அன்று ஆணையிட்டது. 2020 சனவரி 11, 12 ஆகிய நாள்களில் அவை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. கட்டட அனுமதிகள் 2006 இல் வழங்கப்பட்டன. விதிமீறல் குறித்து 2007 இலேயே உள்ளாட்சி அமைப்பு அறிவிப்பு அனுப்பியிருந்தது. கட்டியவர்கள் அறிந்திருந்த ஒன்றைத் தாங்கள் அறியவில்லை என்றே குடியிருந்தோர் பலர் முறையிட்டனர். அவர்களுக்கு இடைக்கால இழப்பீடாக 25 லட்சம் ரூபாய் வீதம் வழங்க நீதிமன்றம் ஆணையிட்டது. எனினும் இழந்த இல்லம் மீளவில்லை.

டெல்லியில் வேறு வகை நிகழ்ந்தது. விற்பனை உடன்படிக்கை, பொது அதிகார ஆவணம், உயில் ஆகிய மூன்றையும் எழுதி வாங்கிக்கொண்டு வீடு கைம்மாறுவது அங்கு நெடுங்கால வழக்கம். இவ்வாவணங்களால் உரிமை மாறாது. பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரத்தாலேயே மாறும் என்று 2011 அக்டோபர் 11 அன்று உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அனுமதியற்ற குடியிருப்புகளில் வாழ்வோர்க்கு உரிமை வழங்க 2019 இல் தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. ‘எல்லாரும் இப்படித்தான் வாங்குகிறார்கள்’ என்னும் தொடர் இத்தகைய விற்பனைகளில் ஆவணத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அத்தொடர் பொய்யன்று, ஆனால் அது உண்மையை மறைக்கவல்ல உண்மையாகும்.

இரு தலைவர்க்கு ஓர் ஊழியர்

மேற்கூறியவற்றில் ஏமாறுபவர் வாங்குபவராகவே காட்டப்பட்டார். விற்பவர் ஏமாறும் நிலையும் உண்டு. நகரின் விளிம்பிலுள்ள சிற்றூரில் மானாவாரி நிலம் வைத்திருக்கும் உழவர் ஒருவர் மகளின் திருமணச் செலவுக்காக அதனை விற்க முன்வருகிறார். அவ்வழியே சுற்றுச்சாலை வரவிருப்பதைத் தரகர் அறிவார், உழவர் அறியார். விற்பவரின் உரிமையின் தன்மை, அளவு ஆகியவை பற்றி அவர் அறியாத செய்தியை வாங்குபவர் அறிந்திருந்தால் கூற வேண்டும் என்று 55 ஆம் பிரிவு விதித்தாலும், சாலை வருவது போன்ற புறக்காரணங்கள் அக்கடமையுள் அடங்குவதில்லை. வாங்குபவர் அதனைக் கூறாதிருக்கலாம். உழவருக்காகப் பேசுவதாகச் சொல்லித் தரகு பெறுபவரும் கூறாதிருக்கலாமா?

இருபுறமும் தரகு பெறும் வழக்கம் இங்கேதான் சிக்கலாகிறது. முகவர் தம் தலைவரின் இசைவின்றித் தம் பொருட்டே அவ்வாணிகத்தில் ஈடுபட்டு முதன்மையான செய்திகளை மறைத்தால், தலைவர் அதனை மறுதலிக்கலாம் என ஒப்பந்தச் சட்டத்தின் 215 ஆம் பிரிவும், அவ்வாறு முகவர் பெற்ற ஆதாயத்தைத் தலைவர் கோரலாம் என 216 ஆம் பிரிவும் கூறுகின்றன. உழவரின் நிலத்தைத் தம் உறவினர் பெயரில் தாமே வாங்கி, சில திங்களில் மிகை விலைக்கு விற்கும் தரகருக்கு இவை பொருந்தும். ஆனால் வழக்குத் தொடுக்க உழவருக்குச் செய்தி தெரிந்திருக்க வேண்டும். செய்தி தெரியாமையே அவருடைய இடர். உரிமை வழங்கும் சட்டம் அறிவை வழங்க இயலாத இடத்தில் தரகரின் மனச்சான்று ஒன்றே காவலாக எஞ்சுகிறது.

இவ்விடத்து நுகத்தாணி உவமையை மீண்டும் எண்ணலாம். நடுவுநிலைமை என்பது இருவருக்கும் ஒன்றும் கூறாதிருப்பது அன்று. இருவரும் சம அறிவு உடையவராயின் வாளாவிருத்தல் நடுவுநிலை ஆகலாம். ஒருவர் அறிந்தும் மற்றவர் அறியாதும் இருக்கும்போது வாளாவிருப்பவர், அறிந்தவர் பக்கம் முன்னரே சாய்ந்துவிட்டார்.

வீடு மறுக்கப்படும் இடம்

தரகரின் அறம் விலையோடும் ஆவணத்தோடும் முடிவதில்லை. நம் நகரங்களில் வாடகை வீடு தேடுவோர் சாதி, சமயம், உணவுப் பழக்கம், திருமண நிலை ஆகியவற்றால் மறுக்கப்படுகின்றனர். சுகதேவ் தோரட்டும் உடன் ஆய்வாளர்களும் டெல்லித் தலைநகர் வட்டாரத்தில் நிகழ்த்தி 2015 இல் வெளியிட்ட ஆய்வு, தலித்துகளும் முசுலிம்களும் வாடகைச் சந்தையில் பாகுபாட்டுக்கு உள்ளாவதைக் காட்டியது. கடைகள், உணவகங்கள் முதலிய பொது இடங்களில் பாகுபாட்டை அரசமைப்பின் 15 ஆம் உறுப்பு தடுக்கிறது. தனியார் தம் வீட்டை யாருக்கு விடுவது என்பதில் அத்தகைய வெளிப்படையான தடை இல்லை. கூட்டுறவு வீட்டுச் சங்கமொன்று உறுப்பினர் உரிமையை ஒரு சமயத்தார்க்குள் வரையறுத்துக்கொள்ளும் துணைவிதியை 2005 இல் உச்சநீதிமன்றமே ஏற்றது.

இத்தகைய மறுப்பை உரிமையாளர் நேரில் கூறுவது அரிது. அவர் சார்பில் தரகரே கூறுகிறார்; அதுவும் ‘வீடு நேற்றுத்தான் போய்விட்டது’ என்னும் பொய்யாகவே பெரும்பாலும் கூறுகிறார். பெயரைக் கேட்டவுடன் சில வீடுகளைக் காட்டாமலே விடுவதும் உண்டு. தலைவர் ஆணைக்குக் கட்டுப்பட்டவன் என்று தரகர் கூறலாம். தூதுவன் தன் அரசன் சொல்லை மாற்றாது உரைக்கக் கடமைப்பட்டவன். ஆனால் தூது பற்றிய அதிகாரத்தில் வள்ளுவர் தூதுவனுக்கு அன்பையும் ஆராய்ந்த சொல்வன்மையையும் இன்றியமையாதனவாகக் கூறுகிறார். ஆணையைச் சுமந்து செல்பவனுக்கும் அறிவும் நெஞ்சும் உண்டு என்பது அதன் கருத்து. அறவழி நிற்கும் தரகர் அந்த உரிமையாளரிடம் ஒருமுறையேனும் வாதாடுவார். வாதம் ஏற்கப்படாதாயின் வீடு தேடி வந்தவரிடம் உண்மையைக் கூறுவார். அத்தகைய நிபந்தனையோடு வரும் வீடுகளை ஏற்க மறுக்கவும் செய்வார். இம்மூன்றும் அவருக்கு இழப்புத் தருவனவே.

சட்டம் செய்ததும் செய்யாததும்

மனை வணிக ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம், 2016 நிலத்தரகரை முதன்முறையாக நாடளாவிய நிலையில் சட்டத்தின் வரையறைக்குள் கொணர்ந்தது. அதன் 9 ஆம் பிரிவு பதிவைக் கட்டாயமாக்கியது. 10 ஆம் பிரிவின்படி, பதிவு பெறாத திட்டங்களை விற்கத் தரகர் துணைசெய்தல் கூடாது. கணக்கேடுகள் பேண வேண்டும். இல்லாத ஒப்புதலை உண்டென்று கூறுதல் முதலான முறையற்ற செயல்கள் கூடா. வாங்குபவர்க்கு உரிய செய்திகளும் ஆவணங்களும் கிடைக்க உதவ வேண்டும். பதிவின்றித் தொழில் புரிந்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், விற்பனை மதிப்பில் நூற்றுக்கு 5 வரை தண்டம் உண்டு. மகாராட்டிர மாநில ஆணையம் 2023 இல் தரகர்க்குப் பயிற்சியையும் தேர்ச்சிச் சான்றையும் கட்டாயமாக்கியது. ஒருகாலத்தில் எவரும் புகத்தக்கதாக இருந்த தொழில், கற்றுத் தேற வேண்டிய தொழிலாக மாறிவருகிறது.

இவை வரவேற்கத்தக்கன. எனினும் இச்சட்டத்தின் நோக்கு பதிவுக்கு உரிய புதிய குடியிருப்புத் திட்டங்களைச் சார்ந்தது. ஆசிரியை வாங்கும் பழைய வீடும், உழவர் விற்கும் மானாவாரி நிலமும், வாடகைக்குத் தேடப்படும் அறையும் பெரும்பாலும் அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. அன்றியும் சட்டம் பொய்யைத் தண்டிக்கலாம். ‘வேண்டா’ என்னும் சொல்லைத் தரகர் வாயிலிருந்து வரவழைக்க அதனால் இயலாது.

தனித்துத் தெரிதல் என்னும் சிக்கல்

நேர்மையே நல்ல முதலீடு. நம்பிக்கையைப் பெற்றவரைத் தேடி மக்கள் வருவர். ஆகவே அறத்தால் தனித்துத் தெரிபவர்க்கு ஆதாயமும் உண்டு என்பது இன்று பரவலாகக் கூறப்படும் கருத்து. இதில் ஓரளவு உண்மை உண்டு. மளிகைக் கடைக்காரர்க்கு அது பொருந்தும். நேற்று ஏமாற்றப்பட்டவர் இன்று வேறு கடைக்குச் செல்வார். ஆனால் வீடு வாங்குவது நம்மில் பலர்க்கு வாழ்வில் ஒருமுறையே நிகழ்வது. ஏமாந்ததை அறிவதற்கே பத்தாண்டு ஆகலாம். அதற்குள் தரகர் வேறு நகருக்குச் சென்றிருப்பார். எனவே நற்பெயர் என்னும் காவல் இத்தொழிலில் வலுவற்றது.

இதனினும் ஆழமான சிக்கல் ஒன்றுண்டு. செருமானிய மெய்யியலாளர் காண்ட் 1785 இல் எழுதிய நூலில், அறியாத வாடிக்கையாளரிடமும் ஒரே விலை கூறும் கடைக்காரரை எடுத்துக்காட்டி, அவர் நேர்மை கடமையுணர்வால் விளைந்ததா, தன்னலத்தால் விளைந்ததா என வினவுகிறார். செயலைக் கொண்டு அதனை அறிய இயலாது. தரகர்க்கும் இது பொருந்தும். ‘நேர்மைக்குப் பெயர்பெற்றவர்’ என்று பலகை எழுதி வைப்பவர் நேர்மையை விற்பனைப் பொருளாக்குகிறார். ஆதாயம் குறையும் நாளில் அப்பலகை இறக்கப்படாது என்பதற்கு உறுதி இல்லை.

இருப்பினும் தரகரின் தொழிலில் ஆதாயமும் அறமும் தெளிவாகப் பிரியும் ஓரிடம் உண்டு. ஆசிரியையிடம் வழக்கைப் பற்றிக் கூறி, அதனால் 80,000 ரூபாயை இழக்கும் இடமே அது. அங்கு அவர் செயலுக்குத் தன்னலத்தைக் காரணமாகக் காட்டுதல் அரிது. ஆனால் அச்செயல் எவர்க்கும் தெரியாது. நிகழ்ந்த விற்பனைக்குப் பத்திரம் உண்டு. நிகழாத விற்பனைக்குப் பதிவேடு இல்லை. ஆசிரியையும் தாம் தப்பிய இடரின் அளவை ஒருநாளும் முழுமையாக அறியமாட்டார்; மாறாக, விரும்பிய வீட்டைக் கெடுத்தவர் எனத் தரகரை வெறுக்கவும் கூடும். தரகர் உண்மையாகவே தனித்து விளங்கும் இடம், அவர் எவர் கண்ணிலும் படாத இடமாக அமைந்துவிடுகிறது.

அறம் புலப்படாத இடத்தில் அதனைத் தனிமனிதரின் மனவலிமைக்கு மட்டும் விட்டுவிடுதல் முறையன்று. மூன்று வழிகள் எண்ணத்தக்கன. முதலாவது, சொத்தைப் பற்றித் தாம் அறிந்தவற்றையும் ஆராயாதவற்றையும் தரகர் எழுத்தில் தருதல். நாவால் மறைப்பது எளிது. கையொப்பமிட்டு மறைப்பது அரிது. இரண்டாவது, யாரிடமிருந்து எவ்வளவு தரகு பெறுகிறார் என்பதை இரு தரப்பினர்க்கும் தொடக்கத்திலேயே கூறுதல். மூன்றாவது, விற்பனை முடியாவிடினும் ஆராய்ந்த உழைப்புக்கு ஒரு கூலி பெறுதல். ‘வேண்டா’ என்று கூறுபவர்க்கும் ஊதியம் உண்டெனில் அச்சொல் நாவுக்கு எளிதாகும்.

இம்மூன்றாம் வழி மக்களையும் வினவுகிறது. முடியாத வேலைக்கு ஒரு காசும் தர மறுப்பவர் நாமே. முத்திரைத் தீர்வையைக் குறைக்கப் பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுத வழிகேட்பவரும் நாமே. அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கத்தை 2015 முதல் வருமான வரிச் சட்டம் தடைசெய்த பின்னரும், மீதியை ரொக்கமாகக் கொடுக்கலாமா என்று தரகரிடம் கேட்போர் உண்டு. அரசிடம் நமக்காகப் பொய் கூறுமாறு கேட்டுவிட்டு, நம்மிடம் மட்டும் உண்மை கூறுமாறு அவரை எதிர்பார்க்கிறோம். நாவை அவ்வாறு பகுத்து ஆளக் கற்றவர், எந்நேரமும் நம் பக்கமே உண்மையை வைப்பார் என்பதற்கு உறுதி ஏது?

நிறைவுரை

நிலத்தைப் பற்றிய அறிவு ஊரார் அனைவரிடமும் இருந்த நிலை மாறி, இடைநிற்பார் ஒருவரிடம் வந்து குவிந்ததால் தரகரின் சொல்லும் மௌனமும் பெரும் ஆற்றல் பெற்றன. முடிந்த விற்பனைக்கு மட்டும் கூலி என்னும் அமைப்பு அம்மௌனத்துக்குப் பரிசளிக்கிறது. சட்டம் பொய்யின் ஒரு பகுதியைத் தடுத்துள்ளது. அறிந்ததைக் கூறாமை இன்னும் பெரும்பாலும் மனச்சான்றின் ஆட்சிக்கு உட்பட்டதாகவே உள்ளது. அறவழி நிற்கும் தரகர், தம்மிடம் வந்து குவிந்த அறிவை அறியாதவர்க்குத் திருப்பித் தருகிறார். அதற்குத் தம் கூலியை விலையாகக் கொடுக்கவும் இசைகிறார். இடையில் நிற்றல் தொழிலால் வாய்ப்பது. நடுவில் நிற்றல் இழப்பை ஏற்பதால் வாய்ப்பது.

அத்தகையோர் இல்லாமலில்லை. வீடு தேடிய நாள்களில் ‘இதை விட்டுவிடுங்கள்’ என்று காரணம் கூறித் தடுத்த தரகர் ஒருவரேனும் நம்மில் சிலரின் நினைவில் இருக்கலாம். அன்று அவருக்கு நாம் ஒன்றும் கொடுத்திருக்கமாட்டோம். அவர் பெயரும் மறந்திருக்கும். வாங்கிய வீட்டின் பத்திரத்தை எடுத்துப் பார்க்கும்போது, வாங்காத அவ்வீட்டையும் அவரையும் ஒருகணம் எண்ணிப் பார்த்தல் தகும்.